பள்ளிக்கூடக் கூரையின் கதை

ஜூன் மாதம், பள்ளி திறந்து ஒரு வாரம் ஆகிறது. பிற்பகல் மூன்று மணி. விம்கோ நகரில் ஒரு பள்ளியின் மேல்மாடி வகுப்பறையில் நீங்கள் அமர்ந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். சூரியன் உச்சியைக் கடந்து மூன்று மணி நேரம் ஆகிவிட்டது. வெளியே கடற்காற்றும் வீசத் தொடங்கிவிட்டது. ஆயினும் அறைக்குள் வெப்பம் குறையவில்லை, கூடிக்கொண்டே போகிறது. தலைக்குமேல் மின்விசிறி முழு வேகத்தில் சுழல்கிறது. அது தருவதோ அனற்காற்று. ஏட்டின்மேல் வியர்வை சொட்டுகிறது. கடைசிப் பாடவேளை, ஆசிரியர் சொல்வது காதில் விழுகிறது, மனத்தில் பதியவில்லை.

வெளியே வெயில் தணியும்போது உள்ளே ஏன் சூடு ஏறுகிறது? விசிறி ஏன் அனலை வீசுகிறது? அந்த விசிறியைச் சுழற்றும் மின்சாரம் எங்கிருந்து வருகிறது? இம்மூன்று கேள்விகளுக்கும் விடை தேடிப் போனால் நாம் இருநூறு ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டியிருக்கும். அது பள்ளிக்கூடக் கூரையின் வரலாறு. அந்த வரலாறு நெடுகிலும் இன்னொரு கேள்வியும் நம்மைத் தொடர்ந்து வரும்: வகுப்பறையின் குளிர்ச்சிக்கு விலை கொடுப்பவர் யார்?

திண்ணையில் தொடங்கிய கல்வி

சென்னை மாகாணத்தின் ஆளுநராக இருந்த சர் தாமஸ் மன்றோ, 1822-ஆம் ஆண்டில் மாகாணம் முழுவதிலும் உள்ள பள்ளிகளைக் கணக்கெடுக்குமாறு கலெக்டர்களுக்கு ஆணையிட்டார். விவரங்கள் வந்து சேர்ந்தபின் 1826-இல் அவர் எழுதிய குறிப்பில், மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருந்ததாகக் காண்கிறோம். இவற்றில் பெரும்பாலானவற்றுக்குத் தனிக் கட்டடமே கிடையாது. ஆசிரியர் வீட்டுத் திண்ணை, கோயில் மண்டபம், ஊர்ச்சாவடி, மரத்தடி ஆகியவையே பள்ளிக்கூடங்கள்.

இயற்பியல் கண்கொண்டு பார்த்தால் திண்ணை ஓர் அருமையான அமைப்பு. மேலே ஓடோ கீற்றோ வேய்ந்த சரிவான கூரை. வெயிலும் சாரலும் படாதவாறு முன்னே தாழ்ந்து நீண்ட இறவாரம். பின்னே தடித்த மண் சுவர். மற்றப் பக்கங்கள் திறந்தவெளி. வெயில் உடம்பின்மேல் விழாது. காற்று தடையின்றி வரும். வெளிச்சத்துக்கு விளக்கு வேண்டியதில்லை. எரிபொருள் ஏதும் செலவில்லாத பள்ளிக்கூடம் அது. 1901-இல் தாகூர் சாந்திநிகேதனத்தில் மரத்தடியில் வகுப்புகள் தொடங்கியபோதும், 1904-இல் ஜெர்மனியின் சார்லட்டன்பர்க் நகரில் நோஞ்சான் குழந்தைகளுக்காகத் திறந்தவெளிப் பள்ளி ஏற்படுத்தப்பட்டபோதும் உலகம் வியந்தது. அந்த வகைக் கல்வி நம் ஊர்களில் புதிதன்று.

ஆனால் திண்ணையைப் புகழ்வதோடு நின்றுவிடக் கூடாது. மன்றோவின் கணக்குப்படி மாகாணத்தின் மக்கள்தொகை 1,28,50,941. அதாவது ஏறத்தாழ 68 பேருக்கு ஒருவர்தான் பள்ளியில் இருந்தார். அந்த 1,88,650 பேரில் பெண்குழந்தைகள் வெறும் 4,540 பேர். திண்ணையில் ஏறி உட்காரும் உரிமை எல்லாச் சாதியாருக்கும் இருக்கவில்லை என்பதும் நாம் அறிந்ததே. குளிர்ந்த திண்ணையில் இடம் இருந்தது. எல்லோருக்கும் இடம் இல்லை. அக்காலத்தில் குளிர்ச்சிக்கு விலை கொடுத்தவர்கள், திண்ணைக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள்.

தடித்த தளமும் இழுத்த கயிறும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மிஷன் பள்ளிகளும் அரசுக் கல்லூரிகளும் தோன்றின. இவற்றுக்கென்று பெரிய கட்டடங்கள் எழுந்தன. அக்காலக் கட்டட முறையை அறிய வடசென்னைவாசிகள் தொலைவு செல்ல வேண்டாம். 1856-இல் திறக்கப்பட்ட இராயபுரம் இரயில் நிலையத்துக்கு ஒருமுறை சென்று வாருங்கள். வரிசையான தூண்கள், உயர்ந்த கூரை, கனத்த சுவர்கள். உள்ளே நுழைந்ததும் உடம்பு வேறுபாட்டை உணரும்.

அக்காலத்துச் சென்னைக் கட்டடங்களில் மிகுதியாகப் பயன்பட்ட தளத்துக்கு 'மெட்ராஸ் டெரஸ்' என்றே பெயர். தேக்கு உத்திரங்களின்மேல் நெருக்கமாகச் சட்டங்கள் போடுவர். அவற்றின்மேல் சிறிய, மெல்லிய செங்கற்களைச் செங்குத்தாக நிறுத்தி, மூலைவாட்டமாகச் சுண்ணாம்புக் கலவையில் அடுக்குவர். அதற்குமேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து பரப்பி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்து, பெண்கள் வரிசையாக அமர்ந்து மரக் கொட்டாப்புளியால் நாள் கணக்கில் தட்டிக் கெட்டிப்படுத்துவர். கடைசியாகத் தட்டோடு பதிப்பர். இத்தளம் இன்றைய காங்கிரீட் தளத்தைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு தடிமன் உடையது.

தடிமனால் என்ன நன்மை? வெப்பம் ஒரு பொருளின் ஒரு முகத்திலிருந்து மறுமுகத்துக்கு ஒரு நொடியில் தாவிவிடுவதில்லை. அலைபோல் மெல்ல ஊடுருவுகிறது. செல்லும் வழியில் அலையின் உயரமும் குறைகிறது. 10 சென்டிமீட்டர் காங்கிரீட் தளத்தைக் கடக்க வெப்ப அலைக்கு ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஆகும். நண்பகல் வெயில் மூன்று மணிக்குக் கீழ்முகத்தை அடைகிறது. நமது முதல் கேள்விக்கு விடை இதுதான்: வெளியே வெயில் தணியும் நேரத்தில்தான் நண்பகல் வெயில் வகுப்பறைக்குள் வந்து சேர்கிறது! தடித்த சுண்ணாம்புத் தளத்திலோ அதே அலை உள்ளே வர ஏழெட்டு மணி நேரம் ஆகும். வரும்போது வலுவிழந்தும் இருக்கும். அதற்குள் மாலையாகிவிடும். பள்ளிக்கூடம் பூட்டிக் கிடக்கும்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். வீடாக இருந்தால் இந்தத் தாமதம் தொல்லை. இரவில் படுக்கும்போது கூரை அனல் கக்கும். பள்ளியோ பகலில் மட்டுமே இயங்கும் கட்டடம். இரவில் காலி அறைக்குள் வெப்பம் இறங்குவதால் யாருக்கும் நட்டமில்லை. ஆகவே கனமான கூரை, வீட்டைவிடப் பள்ளிக்கே மிகவும் பொருந்தும்.

எனினும் ஈரக்காற்று மிகுந்த சென்னையில் நிழல் மட்டும் போதாது; காற்றோட்டமும் வேண்டும். அதற்காக நீதிமன்றங்கள், அலுவலகங்கள், பெரிய கூடங்கள் ஆகியவற்றில் பங்கா தொங்கியது. நீண்ட துணி விசிறி அது. அதன் கயிறு சுவர்த் துளை வழியே வெளியே சென்றது. அங்கே தாழ்வாரத்தில் அமர்ந்து ஓர் ஏழைத் தொழிலாளி நாள் முழுவதும் அதை இழுத்துக்கொண்டிருந்தார். உள்ளே இருந்தவர்கள் அவர் முகத்தைப் பார்க்கவேண்டிய தேவையே இல்லை. குளிர்ச்சிக்கு அவர் கையும் தோளும் விலை கொடுத்தன.

கயிற்றுக்குப் பதில் கம்பி

1880-களில் அமெரிக்காவில் பிலிப் டீல் என்பவர் மின் மோட்டாரைக் கூரையில் தொங்கவிட்டு விசிறி அமைத்தார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னைக்கு மின்சாரம் வந்தது. வடசென்னையில் பேசின் பிரிட்ஜ் மின்நிலையம் நகருக்கு மின்சாரம் அனுப்பியது. பங்கா இழுத்த தொழிலாளி தாழ்வாரத்திலிருந்து எழுந்து சென்றார். அவர் இடத்தில் ஒரு கம்பி வந்தது. கயிற்றின் மறுமுனையில் ஒரு மனிதர் இருந்தார். கம்பியின் மறுமுனையில் இருந்தது யார் என்பதைப் பின்னர் பார்ப்போம்.

மின்விசிறி காற்றைக் குளிர்விப்பதில்லை. பலர் இதில் தவறாக எண்ணுகிறார்கள். பூட்டிய வெற்று அறையில் விசிறியை ஓடவிட்டால், மோட்டாரின் வெப்பத்தால் அறை சற்றே சூடாகத்தான் செய்யும். விசிறி செய்வது வேறு. நம் தோலை ஒட்டி நிற்கும் ஈரக்காற்றை அகற்றி, வியர்வை ஆவியாவதை அது விரைவுபடுத்துகிறது. ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது உடலிலிருந்து ஏறத்தாழ 580 கலோரி வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. அதுவே நாம் உணரும் குளிர்ச்சி. ஆனால் கூரையின் கீழ்முகம் சூடேறி, அதையொட்டிச் சூடான காற்று தேங்கி நின்றால், விசிறி அந்தக் காற்றைத்தான் தலைமேல் தள்ளும். நமது இரண்டாம் கேள்விக்கு விடை இது.

கூரை மெலிந்தது

விடுதலைக்குப்பின் நாட்டின் முன் நின்ற பணி மிகப் பெரியது. திண்ணைக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களையெல்லாம் உள்ளே அழைக்கவேண்டும். காமராசர் முதலமைச்சராக இருந்த 1954 முதல் 1963 வரையிலான காலத்தில் தமிழகத்தில் ஊர்தோறும் பள்ளிகள் திறக்கப்பட்டன. கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் பொதுமக்கள் நிலமும் பொருளும் தந்து பள்ளிகளை வளர்த்தனர். இதைப் போன்ற பெருமைக்குரிய நிகழ்ச்சி நம் கல்வி வரலாற்றில் வேறில்லை.

ஆனால் குறைந்த பணத்தில், குறைந்த காலத்தில், ஏராளமான குழந்தைகளுக்கு இடம் தரவேண்டும். தேக்கு உத்திரமும் கொட்டாப்புளியும் இதற்கு ஒத்துவரா. ஓரிடத்தில் கீற்றுக்கொட்டகை, ஓரிடத்தில் சீமை ஓடு, பிறகு ஆஸ்பெஸ்டாஸ் தகடு, பணம் கிடைத்த இடத்தில் காங்கிரீட் தளம். 1865-இல் பாசல் மிஷனைச் சேர்ந்த பிளெப்ஸ்ட் மங்களூரில் தொடங்கிய ஓட்டுத் தொழிற்சாலையின் வழிவந்ததே சீமை ஓடு. அது நன்றாகவே உழைத்தது. ஆஸ்பெஸ்டாஸ் தகடோ சுமார் 6 மில்லிமீட்டர் கனமே உடையது. வெயில் அதன்மேல் விழுந்த சில நிமிடங்களில் கீழே இறங்கிவிடும். அதன் இழைத்தூசி புற்றுநோய் விளைவிக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரிப்பது தனிக் கதை.

கூரைக்கு நாம் ஏன் இவ்வளவு முக்கியத்துவம் தருகிறோம்? சென்னை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 13 டிகிரியில் உள்ளது. ஏப்ரல் 24-ஆம் தேதியை ஒட்டியும் ஆகஸ்ட் 18-ஆம் தேதியை ஒட்டியும் நண்பகற் சூரியன் நம் நேர் உச்சியில் நிற்கும். இடைப்பட்ட மாதங்களிலும் அது உச்சியைவிட்டு ஏறத்தாழ 10 டிகிரிக்குமேல் விலகுவதில்லை. ஆகவே கோடையில் கட்டடத்தின் பெரும் வெயிலைத் தாங்குவது சுவரன்று, கூரையே. 6 மீட்டர் நீளமும் 6 மீட்டர் அகலமும் உள்ள வகுப்பறையின் கூரைப்பரப்பு 36 சதுர மீட்டர். நண்பகலில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 900 வாட் என்று கொண்டால், அந்தக் கூரைமேல் 32 கிலோவாட் ஆற்றல் பொழிகிறது. பழைய, அழுக்கேறிய காங்கிரீட் இதில் மூன்றில் இரண்டு பங்கை உறிஞ்சும். உறிஞ்சியதில் பெரும்பகுதியைக் காற்றும் வானமும் திரும்பப் பெற்றுக்கொள்ளும். எஞ்சியது கீழே இறங்கும். கூரையின் கீழ்முகம் 45 டிகிரியும் உங்கள் உடல்பரப்பு 35 டிகிரியும் இருந்தால், ஸ்டீஃபான்-போல்ட்ஸ்மன் விதிப்படி, கூரையை நேரே நோக்கும் ஒவ்வொரு சதுர மீட்டர் பரப்பும் 60 வாட்டுக்குமேல் கதிர்வீசலால் பெறும். கண்ணுக்குத் தெரியாத ஓர் அடுப்பு தலைக்குமேல் கவிழ்த்து வைக்கப்பட்டிருப்பதற்கு இது ஒப்பாகும்.

இவை அக்காலத்தில் தெரியாத செய்திகள் அல்ல. 1947-இல் நிறுவப்பட்ட ரூர்க்கி மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையம் நம் நாட்டுக் கூரைகளின் வெப்ப நடத்தையை ஆராய்ந்தது. 1960-களில் யுனெஸ்கோவின் துணையுடன் கொழும்பில் இயங்கிய ஆசியப் பள்ளிக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம், வெப்பநாடுகளின் வகுப்பறைகளுக்கு ஏற்ற வடிவங்களை வகுத்து வெளியிட்டது. மைசூர் சமஸ்தானத்தின் கட்டடக் கலைஞராகப் பணியாற்றிய ஆட்டோ கோனிக்ஸ்பெர்கர், ஈரவெப்ப நாடுகளின் கூரைகளைப் பற்றியே 1965-இல் தனி நூல் ஒன்றைத் தம் நண்பருடன் சேர்ந்து எழுதினார். 1987-இல் இந்தியத் தர நிர்ணய அமைப்பும் கட்டடங்களின் செயற்பாட்டுத் தேவைகள் குறித்து விரிவான கையேடு வெளியிட்டது. அறிவு இருந்தது, அது ஊர்ப்பள்ளியின் கூரைவரை ஏறவில்லை.

வாலசியில் நடந்த புதுமை

இந்த இடத்தில் கடல் கடந்து ஒரு பள்ளியைப் பார்த்து வருவோம். இங்கிலாந்தில் லிவர்பூலுக்கு எதிர்க்கரையில் உள்ள ஊர் வாலசி. அங்கே 1961-இல் எம்ஸ்லி மார்கன் என்னும் கட்டடக் கலைஞர் ஒரு பள்ளியைக் கட்டினார். தெற்கு நோக்கிய சுவர் முழுவதும் இரட்டைக் கண்ணாடி. கூரையும் மற்றச் சுவர்களும் கனமானவை. வெளிப்புறம் வெப்பக்காப்புப் போர்த்தப்பட்டவை. அந்தக் குளிர்நாட்டில் அப்பள்ளியைச் சூடாக வைத்திருந்தவை மூன்று: சூரியன், மின்விளக்குகள், மாணவர்களின் உடல்!

ஆம், மாணவரும் ஒரு வெப்ப மூலமே. அமர்ந்திருக்கும் ஒரு சிறுவனின் உடல் சுமார் 75 வாட் வெப்பத்தை வெளிவிடுகிறது. நாற்பது பேர் கொண்ட வகுப்பு மூன்று கிலோவாட் கணப்பு. வாலசியில் அது எரிபொருள். விம்கோ நகரிலோ வெளியேற்றவேண்டிய சுமை. ஒரே இயற்பியல் விதி, இரண்டு ஊர்களில் எதிரெதிரான கட்டடங்களைக் கேட்கிறது. ஆகவே, வெளிநாட்டுப் படத்தைப் பார்த்து நம் ஊரில் கண்ணாடிச் சுவர் எழுப்புவது வாலசியைப் பின்பற்றுவது ஆகாது. நம் ஊருக்கு ஏற்றதைச் சிந்தித்துச் செய்வதே அதைப் பின்பற்றுவதாகும்.

கும்பகோணம் கற்பித்த பாடம்

வெப்பத்தை மட்டும் கருதினால் கீற்றுக்கூரைக்கு இணையில்லை. காங்கிரீட்டைவிட அது ஏறத்தாழ இருபது மடங்கு குறைவாகவே வெப்பத்தைக் கடத்துகிறது. ஆனால் 2004-ஆம் ஆண்டு ஜூலை 16-ஆம் நாள் கும்பகோணத்தில் ஒரு தனியார் பள்ளியில் சத்துணவுக் கூடத்தில் பற்றிய தீ, மாடியிலிருந்த கீற்றுக்கூரைக்குத் தாவியது. 94 குழந்தைகள் மாண்டனர். எரியும் கூரையே அவர்கள்மேல் விழுந்தது. தப்பிச்செல்லப் போதிய வழி இல்லை.

அதன்பின் தமிழகப் பள்ளிகளிலிருந்து கீற்றுக்கூரைகள் அகற்றப்பட்டன. அது சரியான முடிவு. அதில் இரண்டாவது கருத்துக்கு இடமில்லை. ஆயினும் பல இடங்களில் கீற்றுக்குப் பதிலாக வந்தவை மெல்லிய தகடுகளும் காப்பற்ற காங்கிரீட்டும்தான். தீயிலிருந்து குழந்தைகளைக் காத்தோம். வெயிலின் முன் அவர்களை அப்படியே விட்டுவிட்டோம். பள்ளிக் கூரை ஒரே நேரத்தில் பல தேர்வுகளில் வெற்றி பெறவேண்டும். ஒன்றில் நூறு மதிப்பெண் வாங்கி மற்றொன்றில் தோற்கும் கூரை நமக்கு உதவாது.

கம்பியின் மறுமுனை

இப்போது மூன்றாம் கேள்விக்கு வருவோம். திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் இடையே உள்ளது விம்கோ நகர். சுவீடன் நாட்டுத் தீப்பெட்டி நிறுவனத்தின் முதலீட்டில் 1920-களில் தோன்றிய வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனியின் முதலெழுத்துகளே 'விம்கோ' ஆயின. ஒரு தொழிற்சாலையின் பெயர் ஊர்ப்பெயராகி, புறநகர் இரயில் நிலையத்துக்கும், 2021 முதல் மெட்ரோ இரயில் நிலையத்துக்கும் பெயராகிவிட்டது.

இதற்கு வடக்கே 1970-இல் எண்ணூர் அனல்மின் நிலையம் மின்சாரம் தரத் தொடங்கியது. 450 மெகாவாட் திறனுடைய அந்நிலையம் 2017-இல் மூடப்பட்டது. அதற்குள் 1994 முதல் வடசென்னை அனல்மின் நிலையமும், 2012 முதல் வல்லூர் அனல்மின் நிலையமும் இயங்கத் தொடங்கியிருந்தன. இவற்றுக்காக ஒடிசாவின் தால்சேர் வயல்களிலிருந்து நிலக்கரி கப்பலேறி வருகிறது. அது வந்திறங்கும் எண்ணூர்த் துறைமுகம் 2001-இல் திறக்கப்பட்டது. 2014 முதல் காமராசர் பெயரைத் தாங்கியுள்ளது. ஏழைக் குழந்தைகளுக்குப் பள்ளி திறந்தவரின் பெயரைத் தாங்கிய துறைமுகத்தின் வழியேதான், அக்குழந்தைகளின் வகுப்பறை விசிறிக்கும் நிலக்கரி வருகிறது.

ஒரு வகுப்பறையின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பழைய வகை விசிறி நான்கு, ஒன்றுக்கு 75 வாட்: 300 வாட். சோக்குடன் கூடிய பழைய குழல்விளக்கு நான்கு, ஒன்றுக்கு 55 வாட்: 220 வாட். ஆக 520 வாட். நாளுக்கு 6 மணி நேரம், ஆண்டுக்கு 220 நாள் என்றால் ஏறத்தாழ 686 யூனிட். ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் 700 கிராம் நிலக்கரி வேண்டும். ஆக 480 கிலோ. நம் நாட்டு நிலக்கரியில் நூற்றுக்கு 30 முதல் 40 பங்கு சாம்பல். ஆகவே ஒரே ஒரு வகுப்பறை ஆண்டுதோறும் 140 கிலோவுக்குக் குறையாமல் சாம்பலை உண்டாக்குகிறது.

அந்தச் சாம்பல் எங்கே போகிறது? ஒரு பகுதி சிமெண்டாகவும் செங்கல்லாகவும் மாறி நற்பயன் தருகிறது. ஆனால் சாம்பற்குழாய்க் கசிவுகளால் கொசஸ்தலை ஆற்று முகத்துவாரம் பட்ட பாட்டை எண்ணூர் மீனவர்களைக் கேட்டால் சொல்வார்கள். காற்றில் பறக்கும் நுண்துகள் வீட்டு மாடியிலும், துணிக்கொடியிலும், பள்ளிக் கூரையிலும் படிகிறது. பங்காக் கயிற்றை இழுத்தவர் தாழ்வாரத்தில் இருந்தார். மின்கம்பியின் மறுமுனையில் இருப்பவர் இந்த வட்டாரத்துக் குழந்தையே. நகரம் முழுவதும் பயன்படுத்தும் மின்சாரத்துக்குத் தூசியை விலையாகக் கொடுத்துவிட்டு, அனல் வீசும் விசிறியின்கீழ் அக்குழந்தை படிக்கிறது.

சன்னலைத் திறந்தால் போதாதா?

'சன்னல்களைத் திறந்து காற்றோட்டமாக வைத்துக்கொள்ளுங்கள்' என்று எந்தப் பாடநூலும் சொல்லும். இவ்வூரில் அதுவும் எளிதன்று. 2024 அக்டோபர் மாதம் திருவொற்றியூரில் ஒரு பள்ளியில் வாயு நெடி தாக்கி மாணவியர் மயங்கி விழுந்து மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். சுற்றிலும் தொழிற்சாலைகள் இருக்கும்போது, வெளிக்காற்றின் தூய்மையும் பள்ளிக் கட்டடத்தின் ஒரு பகுதிதான். அதைத் தலைமையாசிரியர் தனியே சரிசெய்துவிட முடியாது. அரசும் ஆலைகளும் செய்யவேண்டிய கடமை அது.

ஆயினும் பள்ளி தன் எல்லைக்குள் செய்யக்கூடியவை பல உள்ளன.

முதலாவது, வெண்ணிறக் கூரை. புதிதாகப் பூசிய சுண்ணாம்பு, விழும் வெயிலில் நான்கில் மூன்று பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். முன்னே சொன்ன 36 சதுர மீட்டர்க் கூரை உறிஞ்சும் ஆற்றல் 21 கிலோவாட்டிலிருந்து 8 கிலோவாட்டாகக் குறையும். ஆமதாபாத் நகரம் 2017-இல் இத்தகைய திட்டத்தைத் தொடங்கியது. தெலங்கானா மாநிலம் 2023-இல் இதற்கெனத் தனிக் கொள்கையே வகுத்தது. தமிழ்நாட்டிலும் பசுமைப் பள்ளித் திட்டத்தில் இம்முறை இடம் பெற்றுள்ளது. ஆனால் எண்ணூர்ப் பக்கத்தில் ஒரு சிக்கல்: தூசியும் சாம்பலும் படிந்தால் வெள்ளை விரைவில் சாம்பல் நிறமாகும், பயன் குறையும். ஆகவே ஆண்டுதோறும் கோடைக்கு முன் கூரையைக் கழுவி, மீண்டும் பூசவேண்டும். பூசிய நாளில் எடுக்கும் நிழற்படம் மூன்றாம் ஆண்டு வெயிலைத் தடுக்காது.

இரண்டாவது, கூரையின்மேல் இன்னொரு கூரை. செங்கல் ஜல்லித் தளமும் தட்டோடும் போடுவது பொதுப்பணித்துறையினர் நன்கறிந்த பழைய முறை. அது மெட்ராஸ் டெரஸின் எஞ்சிய வாரிசு. சூரிய மின்தகடுகளை இடைவெளி விட்டு அமைத்தால், அவை மின்சாரமும் தரும். கூரைக்கு நிழலும் தரும். ஒரு கிலோவாட் தகடு சென்னையில் நாளுக்குச் சுமார் 4 யூனிட் தரும். அதற்கு வேண்டிய இடம் ஏறத்தாழ 10 சதுர மீட்டர்.

மூன்றாவது, திசை. இங்கே கடற்கரையும் இருப்புப்பாதையும் நெடுஞ்சாலையும் வடக்குத் தெற்காக ஓடுகின்றன. சாலையைப் பார்த்தவாறு நீளமாகக் கட்டினால், வகுப்பறைகள் கிழக்கு மேற்காகத் திறந்து, காலை வெயிலையும் மாலை வெயிலையும் உள்ளே வாங்கும். கட்டடத்தின் நீளம் கிழக்கு மேற்காக இருந்து, சன்னல்கள் வடக்கிலும் தெற்கிலும் இருப்பதே நல்லது. கடற்காற்று தென்கிழக்கிலிருந்து சாய்வாக வருவதால் தெற்குச் சன்னல்களுக்கு அதுவும் கிடைக்கும்.

நான்காவது, கருவிகள். 28 வாட்டில் சுழலும் புதுவகை விசிறிகளும் 20 வாட் எல்.இ.டி. விளக்குகளும் இன்று கடைகளில் கிடைக்கின்றன. நமது வகுப்பறையின் 520 வாட் 192 வாட்டாகிவிடும். ஆண்டுக்கு 430 யூனிட்டுக்குமேல் மிச்சம். அதாவது 300 கிலோ நிலக்கரியும் ஏறத்தாழ 100 கிலோ சாம்பலும் இல்லாமற் போகும். எனினும் வரிசையை மறக்கலாகாது. முதலில் வெயிலைக் கூரையிலேயே நிறுத்தவேண்டும், பிறகு காற்று, பிறகுதான் கருவி. அனற்கூரையின்கீழ் சிக்கனமான விசிறி, சிக்கனமாக அனலைத்தான் வீசும்.

நீங்களே செய்து பாருங்கள்

மாணவ நண்பர்களே, இதில் எதையும் நான் சொன்னேன் என்பதற்காக நம்பவேண்டாம். ஒரே அளவுள்ள இரண்டு அட்டைப்பெட்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டின் மேலும் ஒரே அளவில் தகரத் துண்டை மூடியாக வையுங்கள். ஒரு தகரத்துக்குச் சுண்ணாம்பு பூசுங்கள். மற்றொன்றின்மேல் அடுப்புச் சாம்பலை நீரில் குழைத்துத் தடவுங்கள். பெட்டிக்குள் வெப்பமானியை வைத்து, காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை மணிக்கொரு முறை குறித்து வரைபடம் வரையுங்கள். பிறகு சுண்ணாம்பு பூசிய தகரத்தின்மேலும் சிறிது சாம்பலைத் தூவி, மறுநாள் மீண்டும் அளந்து பாருங்கள். விம்கோ நகர்க் கூரையின் முழுக் கதையும் அந்த இரு வரைபடங்களில் இருக்கும்.

அதன்பின் உங்கள் வகுப்பறையில் மூன்று மணிக்கு அளந்து பாருங்கள். அந்த எண்களைத் தலைமையாசிரியரிடமும், பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பெற்றோரிடமும் காட்டுங்கள். 'வெயில் அதிகம்' என்று சொன்னால் 'கோடை அப்படித்தான்' என்று பதில் வரும். எண்ணைக் காட்டினால் அந்தப் பதில் செல்லாது.

2003-ஆம் ஆண்டு மே 31-ஆம் நாள் சென்னையில் வெப்பம் 45 டிகிரியை எட்டியது. 2023-இல் ஜூன் தொடக்கத்தில் திறக்கவேண்டிய பள்ளிகள், வெயிலின் கடுமையால் தள்ளிவைக்கப்பட்டு, உயர்வகுப்புகளுக்கு 12-ஆம் தேதியும் தொடக்க வகுப்புகளுக்கு 14-ஆம் தேதியும்தான் திறந்தன. இனி வரும் ஆண்டுகளில் வெயில் கூடுமே தவிரக் குறையாது. ஒவ்வொரு முறையும் பள்ளியை மூடிக்கொண்டிருந்தால் பாடம் இழப்பவர்கள் யார்? வீட்டில் குளிர்சாதனம் உள்ளவர்கள் அல்லர். தகரக்கூரை வீட்டிலிருந்து பள்ளிக்கு வருபவர்கள்தாம்.

திண்ணையின் குளிர்ச்சிக்கு வெளியே நின்றவர் விலை கொடுத்தார். பங்காவின் குளிர்ச்சிக்குக் கயிறு இழுத்தவர் விலை கொடுத்தார். மின்விசிறியின் குளிர்ச்சிக்கு எண்ணூர் விலை கொடுத்து வருகிறது. எல்லாக் குழந்தைகளும் உட்காரவும், எவர் தோளிலும் சுமை ஏறாமல் குளிர்ந்திருக்கவும் கூடிய பள்ளியை நம்மால் கட்ட முடியும். அதற்கு வேண்டியவை சுண்ணாம்பு, செங்கல், நிழல், நல்ல திசை, ஆண்டுக்கு ஒருமுறை கூரைமேல் ஏறும் அக்கறை. இவற்றில் நம் ஊரில் கிடைக்காதது ஒன்றும் இல்லை.